துருவத்தில் சேரும் நம் நஞ்சு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில் விஞ்ஞானத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்கிய சங்கத்தாரின் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் வடதுருவத்தைப் பற்றியது. ஆண்டில் பல மாதங்கள் கதிரவனைக் காணாத பனிக்காட்டுக்கும், இந்தக் காலனியில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அது நூலில் படித்து வியக்கத்தக்க தொடர்பு மட்டுமன்று. நாம் வெட்கப்படவும், பின்னர் நம்பிக்கை கொள்ளவும் வேண்டிய தொடர்பு. அதனை இயன்ற அளவு எளிமையாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் எரிக் டெவாய் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர், தாய்ப்பாலில் கலந்துள்ள இரசாயனங்களை அளந்துவந்தார். தொழிற்சாலைகள் மலிந்த தென்பகுதியில் வாழும் தாய்மாரின் பாலில் பி.சி.பி. என்னும் பொருள் காணப்பட்டது. இஃது 1929 முதல் வாணிக அளவில் உற்பத்தி செய்யப்பட்டு, மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் ஊற்றப்பட்டுவந்த எண்ணெய் போன்ற ஒரு பொருள். தென்பகுதியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க மாசு படாத தாய்ப்பால் வேண்டுமல்லவா? அதற்காக அவர் ஹட்சன் விரிகுடாவை அடுத்த நுனாவிக் என்னும் வடபகுதியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலைத் தருவித்தார். அங்கே ஆலை இல்லை, கழனி இல்லை, பூச்சிமருந்து தெளிப்பார் எவருமில்லை. ஆதலின் அந்தப் பால் தூய்மையின் உரைகல்லாக அமையும் என்பது எதிர்பார்ப்பு.

சோதனையின் முடிவு நேர்மாறாக இருந்தது. இனுயிட் தாய்மாரின் பாலில் இருந்த பி.சி.பி., தென்பகுதித் தாய்மாரின் பாலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு! 1989இல் இச்செய்தி வெளியானபோது விஞ்ஞான உலகம் திடுக்கிட்டது. உலகிலேயே தூயது என்று கருதப்பட்ட நிலத்தின் மக்கள், அந்த நஞ்சை உற்பத்தி செய்த நகரத்தாரைவிட மிகுதியாக அதனை உடலில் சுமந்துகொண்டிருந்தனர்.

இனுயிட் என்போர் யாவர்? நம் பள்ளிப் பாடநூல்கள் முன்பு 'எஸ்கிமோக்கள்' என்று குறிப்பிட்ட மக்களே அவர்கள். தங்களைத் தாங்கள் இனுயிட் என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பதே பொருள். நெல்லும் கோதுமையும் விளையாத அந்நிலத்தில், கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் கலைமானுமே தலைமுறை தலைமுறையாக அவர்களை வாழவைத்தன. கடல்விலங்குகளின் கொழுப்பு அவர்களுக்கு நமது நெய்யைப் போன்றது. குளிரைத் தாங்க அதுவே துணை. குழந்தைக்கு ஊட்டமும் அதுவே. வேட்டையிலிருந்து திரும்பியவர் சுற்றத்தாரோடு பகிர்ந்துகொள்வதும் அதுவே. அந்தக் கொழுப்பிலேதான் நஞ்சு குடிபுகுந்திருந்தது.

எங்கிருந்து வந்தது? வடபகுதியில் அமைக்கப்பட்டிருந்த இராணுவ ராடார் நிலையங்களின் பழைய மின்கருவிகளிலிருந்து கசிந்திருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது. கசிவு உண்மைதான், ஆயினும் அதன் தாக்கம் அந்நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியோடு நின்றுவிட்டது. பரந்த துருவம் முழுவதும் பரவிய நஞ்சுக்கு அது காரணமாகாது. இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மற்றொரு துருவமும் ஒரு சாட்சியம் அளித்திருந்தது. மனிதக் குடியிருப்பே இல்லாத தென்துருவக் கண்டத்தில், அடேலி வகைப் பென்குவின் பறவைகளின் உடலில் டி.டி.டி. இருப்பது 1966இல் அறிவிக்கப்பட்டது. பென்குவின் வாழும் பனிப்பாறையில் கொசு ஏது? டி.டி.டி. தெளித்தவர் யார்? அங்கே எவரும் தெளிக்கவில்லை. அது தானாகவே அங்குச் சென்றிருந்தது.

தானாகச் செல்வது எங்ஙனம் என்பதை விளங்கிக்கொள்ள நாம் சோதனைச்சாலைக்குச் செல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். பட்டுப்புடைவை வைக்கும் பீரோவில் அந்துருண்டை போடுகிறோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அது தேய்ந்து சிறுத்திருக்கிறது. உருகி ஓடவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. கட்டிநிலையிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது. டி.டி.டி., பி.எச்.சி., பி.சி.பி. முதலியனவும் இத்தகைய இயல்பு உடையவைதாம். ஆனால் ஆவியாவதில் அவை அந்துருண்டையைவிடப் பன்மடங்கு மெத்தனமானவை. வெயில் காயும் நிலத்தில் மெல்ல மெல்ல ஆவியாகும். குளிர் தட்டினால் மீண்டும் படிந்துவிடும்.

இனி அடுக்களைக்கு வாருங்கள். அடுப்பில் சோற்றுப் பானை கொதிக்கிறது. எழும் ஆவி, சூடு குறைந்த மூடியின் அடிப்புறத்தைத் தொட்டவுடன் நீர்த்துளியாகத் தங்குகிறது. நமது பூமியும் இப்படிப்பட்ட ஒரு பானை என்று கொள்ளுங்கள். வெப்பமண்டலம் அடுப்பு; துருவங்கள் மூடி. வெப்பநாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் கிளம்பும் இந்த ஆவிகள் காற்றோடு பயணம் செய்து, குளிர்ந்த இடத்தை அடைந்ததும் பனியிலும் கடலிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே பாய்ச்சலில் இப்பயணம் முடிய வேண்டுமென்பதில்லை. கோடையில் ஆவியாகிச் சிறிது தூரம் செல்லும். குளிர்காலத்தில் இறங்கித் தங்கும். அடுத்த கோடையில் மீண்டும் எழும்பும். தத்துக்கிளி தத்தித் தத்திச் செல்வதைப்போல் இவை வடக்கு நோக்கிச் செல்வதால், விஞ்ஞானிகள் இதனைத் தத்துக்கிளி விளைவு என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். கனடாவில் ஆராய்ந்த ஃபிராங்க் வானியா, டான் மக்கே என்னும் இருவரும் 1993இல் இக்கருத்தைத் தெளிவாக வகுத்துரைத்தனர். எளிதில் ஆவியாகும் பொருள் துருவம் வரை செல்லும். கடினமாக ஆவியாவது இடைவழியிலேயே தங்கிவிடும். காய்ச்சி வடிக்கும் வாலையில் பொருள்கள் தனித்தனியே பிரிவதைப்போல், பூமி முழுவதுமே ஒரு வாலையாகி இந்நஞ்சுகளைத் தரம் பிரிக்கிறது என்பது அவர்கள் காட்டிய உண்மை.

வழியிலேயே அவை அழிந்துபோகக் கூடாதா என்று கேட்கலாம். பெரும்பாலான இரசாயனங்கள் அப்படித்தான் அழிகின்றன. வெயிலும் ஈரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் நாம் பேசும் பொருள்களில் பெரும்பாலானவற்றில் கரியணுக்களோடு குளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை அறுக்க இயற்கையிடம் தகுந்த கத்தி இல்லை. அதனால்தான் 'நிலைத்து நிற்கும் கரிம மாசுகள்' என்று அவற்றைக் குறிப்பிடுகின்றனர். துருவத்தை அடைந்துவிட்டாலோ, இருளும் குளிரும் சேர்ந்து சிதைவை இன்னும் தாமதப்படுத்துகின்றன. ஆகவே துருவம் இவற்றுக்குச் செல்லும் இடமாக மட்டுமன்றித் தங்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே நம் தமிழ்நாடு இக்கதைக்குள் வருகிறது. பி.எச்.சி. என்று நம் உழவர்கள் அறிந்திருந்த பூச்சிப்பொடி, பசுமைப் புரட்சிக் காலத்தில் இந்தியாவில் பெருமளவில் பயன்பட்டது. அப்பொடியில் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் வாய்ந்த காமா என்னும் கூறு நூற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 பங்கே; பெரும்பங்கு ஆல்பா என்னும் கூறு; பீட்டா என்பது மற்றொன்று. அதாவது, உழவன் ஒரு மூட்டை வாங்கினால் அதில் பெரும்பகுதி பூச்சிக்கும் பயனற்றது, மண்ணுக்கும் பயனற்றது. இந்தப் பொடி வயலில் தூவிய பின் எங்கே போகிறது என்பதைக் கண்டறிய, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயல்களில் ஆராய்ந்தனர். 1991இல் வெளிவந்த அவர்களது முடிவு கருதத்தக்கது. வயலில் இட்ட பி.எச்.சி.யில் ஆற்று வழியாகக் கடலுக்குச் சென்றது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் காற்றில் ஏறிவிட்டது! நமது வெயிலும் தேங்கிய நீரின் வெப்பமும் அதனை அவ்வளவு விரைவாக விண்ணுக்கு அனுப்பிவிட்டன.

குளிர்நாட்டு வயலில் இட்ட நஞ்சு அவ்வயலிலேயே நெடுங்காலம் கிடக்கும். நம் வயலில் இட்டது நம்மிடமிருந்து மறைந்துவிடும். மறைந்ததைக் கண்டு, 'நம் மண் நஞ்சைத் தாங்காது, விரைவில் தூய்மையாகிவிடும்' என்று மகிழ்ந்திருந்தால் அம்மகிழ்ச்சி பாதி உண்மையில் பிறந்ததாகும். நம் மண் தூய்மையானது. பிறருடைய பனி மாசடைந்தது. 1989, 1990ஆம் ஆண்டுகளில் கடல்களின் மேற்பரப்பை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானிகள், பி.எச்.சி.யின் கூறுகள் வெப்பமண்டலக் கடல்நீரைவிட வடதிசைக் குளிர்க்கடல்நீரில் மிகுந்திருப்பதைக் கண்டனர். தூவிய இடத்தில் குறைவு, தூவாத இடத்தில் மிகுதி! ஆல்பா கூறு பெரும்பாலும் காற்றில் ஏறிச் சென்றது. பீட்டா கூறோ, மழையில் கரைந்து பசிபிக் கடலில் சேர்ந்து, நீரோட்டத்தின் வழியே பேரிங் நீரிணையைக் கடந்து வடதுருவக் கடலுக்குள் நுழைந்தது. குற்றம் நம்முடையது மட்டுமன்று. சீனமும் சோவியத் நாடும் நம்மைப்போலவே ஏராளமாகப் பயன்படுத்தின. மேலை நாடுகளோ பி.சி.பி.யையும் ஏனைய பல நஞ்சுகளையும் தந்தன. ஆனால் கணக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க இயலாது.

துருவத்தின் காற்றிலும் நீரிலும் இவை மிகமிகச் சிறிய அளவிலேயே உள்ளன. அந்நீரை ஒருவர் குடித்தால் தீங்கு ஒன்றும் வந்துவிடாது. அப்படியிருக்கத் தாய்ப்பாலில் எவ்வாறு பெருகின? இவை நீரில் கரைய விரும்பாமல் கொழுப்பில் கரைவன. உடலிலிருந்து எளிதில் வெளியேறாதன. கடலிலுள்ள நுண்பாசி சிறிது சேர்க்கிறது. அப்பாசியைத் தின்னும் சிற்றுயிர், தான் தின்ற பாசிகள் அனைத்தின் நஞ்சையும் தன் கொழுப்பில் வைத்துக்கொள்கிறது. சிற்றுயிர்களைச் சிறுமீன் தின்கிறது, சிறுமீனைப் பெருமீன், பெருமீனைக் கடல்நாய், கடல்நாயைப் பனிக்கரடியும் மனிதனும். படிக்குப் படி, வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப்போல் நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது. குளிர்க்கடல் உயிர்களுக்குக் கொழுப்பு மிகுதி. உணவுச் சங்கிலியும் நீளம். ஆகவே கடைசிப் படியில் நிற்பவர் முழுக் கடனையும் சுமக்கிறார்.

உண்மையில் மனிதனும் கடைசிப் படியன்று. மனிதனுக்கும் மேல் ஒரு படி இருக்கிறது. அது பால் குடிக்கும் சிசு. தாய் தன் வாழ்நாளில் கொழுப்பில் சேர்த்துவைத்ததில் ஒரு பங்கு, பாலின் வழியே குழந்தைக்குச் செல்கிறது. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று நம் பழமொழி கூறும். இந்த நஞ்சைப் பொறுத்தவரை அப்பழமொழி செல்லாது. தாயின் வயிற்றுக்குப் போனது பிள்ளையின் வாய்க்கும் போகிறது. நுனாவிக்கில் மேற்கொண்ட ஆய்வுகள், இந்நஞ்சு மிகுதியாகச் சேர்ந்த குழந்தைகளுக்குக் காதுநோய் போன்ற தொற்றுகள் கூடுதலாக வந்ததைக் காட்டின. ஸ்வால்பார்டு தீவுகளின் பனிக்கரடிகளிடம் நோயெதிர்ப்பு ஆற்றலும் உடலின் சுரப்பிகளும் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள் காணப்பட்டன.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வியை வைக்கிறேன். தான் பெற்ற குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, கூடாதா என்று ஒரு தாய் தயங்கும் நிலை எத்தகையது? இனுயிட் தாய்மாருக்கு அந்நிலை வந்தது. மருத்துவர்கள் நன்கு ஆய்ந்து, தாய்ப்பாலின் நன்மை அதிலுள்ள தீமையைவிடப் பெரிது, ஆகவே பால் கொடுப்பதை நிறுத்தலாகாது என்று அறிவுரை கூறினர். அது சரியான அறிவுரை. கடல்விலங்கின் கொழுப்பை அடியோடு கைவிடுமாறு கூறுவதும் எளிதன்று. அதற்கு மாற்றாக விமானத்தில் வந்திறங்கும் டப்பா உணவு விலை மிக்கது, ஊட்டம் குறைந்தது. அதை உண்டால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும்; வேட்டையோடும் பகிர்ந்துண்ணலோடும் பின்னிய வாழ்வும் குலையும். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். இட்லியும் சாம்பாரும் உடலுக்கு மட்டும் உணவாக இருந்திருந்தால், இத்தனை தொலைவிலும் நாம் உரலையும் ஆட்டுக்கல்லையும் தேடி அலைந்திருப்போமா?

அப்படியானால் டி.டி.டி.யைக் கண்டுபிடித்ததே பாவம் என்று முடிவு கட்டலாமா? அவ்வாறு கூறுவது நன்றி மறத்தலாகும். சுவிட்சர்லாந்து நாட்டின் பால் முல்லர் 1939இல் அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசு பெற்றார். நாடு விடுதலை அடைந்த காலத்தில், இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7½ கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். 8 இலட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் பயனாக, 1965இல் அந்நோயாளிகளின் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. எத்தனையோ குடும்பங்களில் விளக்கு அணையாமல் காத்தது அந்த வெள்ளைப் பொடி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொசு மெல்ல மெல்ல அந்நஞ்சுக்குப் பழகிக்கொண்டது. திட்டத்தில் தளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, 1976இல் நோயாளிகளின் தொகை மீண்டும் 64 இலட்சத்தைத் தாண்டியது. இதற்கிடையே வயல்களிலும் தோட்டங்களிலும் கணக்கின்றி அது கொட்டப்பட்டது. வீட்டுச் சுவரில் அளவோடு தெளிப்பது வேறு, பருத்திக் காட்டில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவது வேறு. அமெரிக்காவில் ராச்சேல் கார்சன் அம்மையார் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற நூல் இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியது. கொல்ல நினைத்த கொசு பிழைத்துக்கொண்டது. கேள்விப்பட்டேயிராத பென்குவினிடம் நஞ்சு போய்ச் சேர்ந்தது. நம் நாடு 1989இல் விவசாயத்தில் டி.டி.டி.யின் பயனுக்குத் தடை விதித்தது.

ஒரு நாட்டின் தடை போதுமா? காற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை. எனவே உலக நாடுகள் கூடிப் பேசின. பேச்சுவார்த்தையில் இனுயிட் மக்களும் கலந்துகொண்டனர். 1999இல் நைரோபி நகரில் நடந்த கூட்டத்தின்போது, இனுயிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே அம்மையார், தாயும் சேயும் அமைந்த ஒரு சிற்பத்தை ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரிடம் வழங்கினார். பேச்சுவார்த்தை நடந்த மேசையில் அச்சிற்பம் இடம்பெற்றது. அங்கு அமர்ந்தோர் டன் கணக்கும் வாணிகக் கணக்கும் பேசும்போதெல்லாம், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அது நினைவூட்டியது. 2001ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 12 நஞ்சுகள் அதில் இடம்பெற்றன. துருவப் பகுதியும் அதன் தொல்குடி மக்களும் சிறப்பான இடருக்கு ஆளாகியுள்ளனர் என்று அதன் முன்னுரையே கூறுகிறது. இந்தியா 2006இல் இதனை உறுதி செய்தது. கொசு ஒழிப்புக்கு வேறு வழியற்ற நாடுகள் டி.டி.டி.யைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த அவ்வுடன்படிக்கை இடமளித்தது. மலேரியாவில் சாகும் குழந்தையும், நஞ்சுண்ணும் குழந்தையும் ஆகிய இருவரையும் கருத்தில் கொண்ட நியாயமான ஏற்பாடு அது.

இம்முயற்சிகளால் பயன் விளைந்ததா? விளைந்தது, அதுவே நான் உங்களிடம் சேர்ப்பிக்க விரும்பும் நற்செய்தி. துருவத்திலுள்ள ஆராய்ச்சி நிலையங்கள் காற்றை இடையறாது அளந்துவருகின்றன. சீனம் 1983இல் பி.எச்.சி.யைக் கைவிட்டது, துருவக் காற்றில் ஆல்பா கூறு சரேலென்று குறைந்தது. 1990ஐ ஒட்டி இந்தியாவும் சோவியத் நாடும் பயனைக் குறைத்தன. துருவக் காற்றில் அது மறுபடியும் குறைந்தது. 1997இல் நம் நாடு அதை அடியோடு தடை செய்தது. உழவன் கையிலிருந்து அந்தப் பொடி அகன்ற செய்தியை, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள காற்று சில ஆண்டுகளுக்குள் எழுதிவைத்துவிட்டது! நுனாவிக் தாய்மாரின் குருதியிலும் பி.சி.பி.யின் அளவு 1990களின் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பெரிதும் குறைந்துள்ளது. செய்த தீமை தொலைதூரம் சென்றதைப்போலவே, தீமையை நிறுத்திய நன்மையும் தொலைதூரம் சென்றது.

ஆயினும் மெத்தனமாக இருந்துவிட இடமில்லை. உலகம் வெப்பமடைவதால், பனியிலும் கடலிலும் அடைபட்டிருந்த பழைய நஞ்சுகள் மீண்டும் காற்றுக்கு வருவதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. தென்துருவத்தின் பனியாறுகள் உருகி, பல்லாண்டுகளுக்கு முன் படிந்த டி.டி.டி.யைக் கடலில் சேர்ப்பதாக 2008இல் ஓர் ஆய்வு கூறியது. மற்றொரு புறம், புதிய நஞ்சுகள் பட்டியலில் சேர்ந்துகொண்டே வருகின்றன. தீப்பற்றாமலிருக்கத் துணியிலும் பஞ்சிலும் சேர்க்கும் புரோமின் கூட்டுப்பொருள்கள், எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளுக்கு உதவும் புளோரின் கூட்டுப்பொருள்கள் முதலியவை அவற்றுட் சில. 2025இல் குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்தும் சில விலக்குகளோடு அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. கரையானுக்கு மருந்து அடிக்க ஆளை அழைத்தபோது இப்பெயரை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். ஸ்வால்பார்டு தீவிலுள்ள நீ-ஆலசுண்டில் 2008 முதல் இந்தியாவும் 'ஹிமாத்ரி' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவருகிறது. நம் அனுப்புதலைப் பெறும் இடத்திலேயே நம்மவரும் இருந்து ஆராய்வது வரவேற்கத்தக்கது.

இறுதியாக, நாம் செய்யக்கூடியது என்ன? உடன்படிக்கைகள் அரசாங்கத்தின் கடமை, உண்மைதான். ஆனால் உடன்படிக்கையின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்ற டயாக்சின், ஃபியூரான் என்னும் இரு நஞ்சுகளை எந்த ஆலையும் விற்பனைக்காகச் செய்வதில்லை. குப்பையை, சிறப்பாகப் பிளாஸ்டிக் கலந்த குப்பையை, திறந்த வெளியில் எரிக்கும்போது அவை தாமாகவே பிறக்கின்றன. குளிர்கால விடியற்காலையில் காலனியின் மூலையில் எரியும் குப்பைக்குவியலிலும், செம்பு எடுப்பதற்காக எரிக்கும் மின்கம்பியின் புகையிலும் அவை உண்டு. குப்பையை எரிக்காமல் தரம் பிரித்து நகரசபையாரிடம் ஒப்படைப்போம். பழைய மின்மாற்றி எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவோ, அடுப்பெரிக்கவோ இடந்தராமல், பணியிடங்களில் பொறுப்பிலிருப்போர் முறையாக அகற்றுவிக்கட்டும். ஊர்ப்பக்கம் பரணில் பெயர் மறைந்த பழைய பூச்சிமருந்து டப்பா இருந்தால், அதனை வரப்பில் புதைக்காமல் வேளாண்மைத் துறையினரிடம் தெரிவிக்கச் சொல்வோம். கரையான் மருந்து அடிப்பவரிடம், எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்போம். கேட்பது நம் உரிமை.

இவை சிறு செயல்கள். ஆனால் துருவத்தில் சேர்ந்த நஞ்சும் சிறு செயல்களின் தொகையே. ஒரு வயலில் ஒரு மூட்டை, ஒரு தெருவில் ஒரு குப்பைத் தீ, ஓர் ஆலையில் ஒரு பீப்பாய் என்று சேர்ந்ததுதான் அது. 'தூக்கி எறிந்துவிட்டேன்' என்று நாம் கூறும்போது, எங்கே எறிந்தோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்போமானால் போதும். எறிந்த பொருள் போய்ச்சேர இவ்வுலகில் ஆளில்லாத இடம் ஏதும் இல்லை. ஏதோ ஒரு தாயின் மடியில்தான் அது சென்று விழும்.